கைமாற்றா, கந்துவட்டியா?

கேள்வி: கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கடைகளுக்கு பில்லிங், இருப்புக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். எங்கள் மேனேஜர், "முதல்ல ஓடட்டும்மா, அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்பார். அந்த 'அப்புறம்' இதுவரை வந்ததில்லை. இன்னொரு பக்கம், நான் எழுதியதைப் பார்த்து ஒப்புதல் தரவேண்டிய சீனியர் அண்ணா, ஒரு பெயர் சரியில்லை என்று நான்கு முறை திருப்பி அனுப்புகிறார். போன மாதம் ஓர் அறிக்கையை, நாளைக்கு வரக்கூடிய தேவைகளையும் யோசித்து, இரண்டு நாள் கூடுதலாகச் செலவிட்டு அழகாக எழுதினேன். அந்த அறிக்கையே வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். அதே மாதம் அவசரமாக ஒட்டுப்போட்ட ஒரு திருத்தம், ஒரு கடையில் சனிக்கிழமை மாலை பில்லே போடவிடாமல் செய்துவிட்டது. இரண்டு பக்கமும் அடி வாங்கிவிட்டேன். சீக்கிரம் ஓட வேண்டும், சுத்தமாகவும் இருக்க வேண்டும் என்றால் எங்கே கோடு போடுவது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: 'எங்கே' என்று கேட்டிருக்கிறீர்கள். விடை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பலரும் 'எவ்வளவு' என்று கேட்டு, வேகத்தையும் சுத்தத்தையும் தராசின் இரண்டு தட்டில் வைத்து நிறுக்கப் பார்ப்பார்கள். ஆனால் ஒரே மென்பொருளுக்குள் அவசரம் பொறுக்கும் இடங்களும் உண்டு, பொறுக்காத இடங்களும் உண்டு. அவற்றைப் பிரித்தறிவதுதான் நம் தொழிலில் பாதி. நானும் அதை பில்லிங் மென்பொருளில்தான் கற்றுக்கொண்டேன்.

2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் எங்கள் குழுவில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. 5, 12, 18, 28 என்ற வரி விகிதங்களை, எந்தப் பொருளுக்கு எது என்று நிரலுக்குள்ளேயே எண்களாக எழுதிவிட்டேன். பில் போடும் திரை, அச்சடிக்கும் பகுதி, மாத அறிக்கை, சரக்கைத் திரும்ப எடுக்கும் பகுதி என நான்கு இடங்களில் அதே எண்கள். ஜூலை 1 காலை கடைகளில் பில் விழுந்தது. அந்த அவசரத்தை இன்றும் தவறென்று நினைக்கவில்லை. சட்டம் தேதி குறித்த வேலையை ஜூலை 2-க்குத் தள்ள முடியாது.

நவம்பர் 10-ம் தேதி குவாஹாட்டியில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், 178 வகைப் பொருள்களுக்கு வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தது. 15-ம் தேதி முதல் அமல். நான்கு இடங்களில் எண்களை மாற்றினேன். ஒரு மணி நேரம் ஆனது. மறுநாள்தான் கடைகளிலிருந்து போன் வரத் தொடங்கியது. அக்டோபரில் போட்ட பில்லை மறுபடி அச்சடித்தால் 18 சதவீதம் காட்டியது. 28 சதவீதத்தில் விற்ற பொருளை வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தால், 18 சதவீதத்தில் கணக்குப் போட்டது. காரணம் இதுதான்: பில்லைச் சேமிக்கும்போது பொருளையும் விலையையும் மட்டும் சேமித்தேன். அன்று போட்ட வரி விகிதத்தைச் சேமிக்கவில்லை; தேவைப்படும்போது நிரல் கணக்கிட்டுக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு கடையின் பழைய பில்களையும் தேதிவாரியாகப் பிரித்து, விகிதத்தை நிரப்பி, சரிபார்த்து முடிக்கப் பதினோரு நாள் ஆனது.

இரண்டுமே ஒரே வாரத்து அவசரம். நான்கு இடத்தில் எண்ணை எழுதியது ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. எதைச் சேமிப்பது என்பதில் காட்டிய அவசரம் பதினோரு நாளைத் தின்றது. முன்னது நிரலின் உள்ளே இருந்தது, நான் நினைத்தபோது மாற்ற முடிந்தது. பின்னது எல்லாக் கடைகளின் கணக்கிலும் போய் உட்கார்ந்துவிட்டது.

உலகம் முழுதும் புழங்கும் கருவிகளிலும் இதையே பார்க்கலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 1976-ல் நிரல் கோப்புகளிலிருந்து மென்பொருளைத் தொகுக்கும் 'மேக்' என்ற கருவியை எழுதினார். கட்டளை வரிகள் 'டேப்' எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தார். அப்போதைக்கு அது எழுத எளிதாக இருந்தது. டேப்பும் இடைவெளியும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். இடைவெளி போட்டால் கருவி ஏற்காது. சில வாரங்களுக்குள் ஏறக்குறைய பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நண்பர்கள், அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய கோப்புகளைக் குலைக்க மனமில்லாமல் ஃபெல்ட்மேன் விதியை அப்படியே விட்டார். மேக்கின் உள்நிரலை அதற்குப் பிறகு எத்தனையோ பேர் புதிதாக எழுதிவிட்டார்கள். அந்த டேப் மட்டும் நகரவில்லை. இன்றும் மாணவர்கள் அதில் தடுக்கி விழுகிறார்கள்.

எதிர்ப்பக்க உதாரணம், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்'. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல் 3-ல் அதை எழுதத் தொடங்கினார்; ஏப்ரல் 7-ல் கிட் தன் சொந்த நிரலையே தன்னுள் வைத்துக் காக்கத் தொடங்கிவிட்டது. நான்கு நாள் வேலை. ஆரம்ப காலத்தில் அதன் கட்டளைகள் பல, ஷெல், பேர்ல் ஸ்கிரிப்டுகளாகத்தான் இருந்தன. பின்னாளில் ஒவ்வொன்றாக சி மொழிக்கு மாறின. ஆனால் கோப்பின் உள்ளடக்கம், அடைவின் அமைப்பு, மாற்றத்தின் வரலாறு ஆகிய மூன்றையும் எப்படிச் சேமிப்பது, ஒன்று இன்னொன்றை எப்படிச் சுட்டுவது என்பதை அவர் முதலிலேயே தெளிவாக முடிவு செய்திருந்தார். அந்த அமைப்பின் மேல்தான் கிட் இன்றும் நிற்கிறது.

ஆகவே வீட்டை வைத்துச் சொல்கிறேன். உள் அறையில் துணி குவிந்து கிடக்கலாம், ஞாயிற்றுக்கிழமை மடித்துக்கொள்ளலாம். அஸ்திவாரமும் வாசற்படியும் கோணக்கூடாது. டேட்டாபேஸில் எதை, எந்த வடிவில் சேமிக்கிறோம் என்பது அஸ்திவாரம். மற்றவர்கள் அழைக்கும் ஏ.பி.ஐ., வெளியே அனுப்பும் கோப்பின் அமைப்பு, கடைக்காரரின் விரல் பழகிக்கொள்ளும் விசைகள் ஆகியவை வாசற்படி. பணக் கணக்கையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த இடங்களில் ஒரு நாள் கூடுதலாக யோசியுங்கள். மற்ற இடங்களில் ஓடுகிற நிரல் போதும்.

இப்போது உங்கள் மூன்று சம்பவங்களுக்கு வருகிறேன்.

அறிக்கையில் நீங்கள் செலவிட்ட இரண்டு நாள் வீண்தான். அது உள் அறை. ஒரே மாதிரி நிரல் முதல் முறை வரும்போது எழுதிவிடுங்கள். இரண்டாம் முறை வந்தால் மனம் உறுத்தினாலும் மறுபடி எழுதுங்கள். மூன்றாம் முறை வரும்போது பொதுவாக்குங்கள். டான் ராபர்ட்ஸ் சொன்ன இந்த விதியை மார்ட்டின் ஃபவுலர் 1999-ல் வெளியிட்ட 'ரீஃபாக்டரிங்' நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார். மூன்று உதாரணங்கள் கையில் இல்லாமல், எது பொது, எது தனி என்று யாருக்கும் தெரியாது. தவறாகப் பொதுவாக்கியதைப் பிரித்தெடுப்பது, இரண்டு இடத்தில் ஒரே நிரல் இருப்பதைவிடக் கடினம்.

சனிக்கிழமைச் சம்பவத்தில் உங்கள் திருத்தம் அழகில்லாமல் இருந்ததால் கடை நிற்கவில்லை. பில் போடும் பாதையில் கைவைத்துவிட்டு, அந்தப் பாதை இன்னும் ஓடுகிறதா என்று பார்க்காததால் நின்றது. ஒரு பில்லைத் தொடங்கி, இரண்டு பொருள் சேர்த்து, வரி போட்டு, அச்சுவரை போகிற ஒரு தானியங்கி டெஸ்ட் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். எத்தனை அவசரமானாலும் அந்த ஒரு டெஸ்ட்டை விடாதீர்கள். அசிங்கமான நிரலைக்கூட டெஸ்ட் இருந்தால் தைரியமாகச் சுத்தம் செய்யலாம். டெஸ்ட் இல்லாவிட்டால் அழகான நிரலையும் தொடப் பயமாக இருக்கும்.

சீனியர் அண்ணா திருப்பி அனுப்பிய பெயர் எங்கே இருந்தது? ஒரு ஃபங்ஷனுக்குள் பத்து வரி வாழ்கிற பெயர் என்றால், நான்கு முறை திருப்பியது அதிகம். டேட்டாபேஸ் அட்டவணையின் பத்தி என்றால் நான்கு முறை திருப்பியது நியாயம். 'விலை' என்று ஒரு பத்தி இருந்து, அது வரியோடு சேர்ந்ததா சேராததா என்று தெரியாமல் போனால், அந்தக் குழப்பம் பத்து வருடம் வாழும். 'இது கட்டாயம், இது என் விருப்பம்' என்று பிரித்து எழுதச் சொல்லி அவரிடம் கேளுங்கள். நல்ல சீனியர் மறுக்கமாட்டார்.

அடுத்தது மேனேஜரின் 'அப்புறம்'. 1992-ல் வார்ட் கன்னிங்ஹாம், 'வைகாஷ்' என்ற முதலீட்டுக் கணக்கு மென்பொருளை உருவாக்கிய அனுபவத்தைப் பற்றி எழுதும்போது, முதல்முறை எழுதி வெளியிடும் நிரலைக் கடன் வாங்குவதற்கு ஒப்பிட்டார். சிறு கடன் வேலையை விரைவாக்கும், சீக்கிரம் திருப்பிக் கட்டும்வரை. கட்டாவிட்டால் அதன்மேல் செய்யும் ஒவ்வொரு வேலையும் வட்டியாகும். நிதித்துறை மென்பொருள் என்பதால் மேலதிகாரிக்குப் புரியும் மொழியில் அவர் சொன்ன உவமை அது. மோசமாக எழுதலாம் என்று தான் சொல்லவில்லை என்பதையும் பின்னாளில் தெளிவுபடுத்தினார். இன்றைக்குப் புரிந்த அளவுக்கு நன்றாக எழுது. நாளைக்குக் கூடுதலாகப் புரியும்போது நிரலை அந்தப் புரிதலுக்கு ஏற்றபடி திருத்து. அந்த இடைவெளிதான் கடன்.

நம் ஊரில் கடன் இரண்டு வகை. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கினால் யாரிடம், எவ்வளவு, எப்போது திருப்பவேண்டும் என்பது மூன்றும் நினைவிருக்கும். கந்துவட்டியில் முதல் எவ்வளவு என்பதே மறந்து, வட்டி கட்டுவதே வாழ்க்கையாகிவிடும். உங்கள் ஒட்டுப்போட்ட நிரல் கைமாற்றாக இருக்கட்டும். 'தற்காலிகம்' என்று மட்டும் குறிப்பெழுதி நகராதீர்கள். 'வரி விகிதம் இங்கே நேரடியாக இருக்கிறது. அடுத்த விகித மாற்றத்துக்கு முன் அட்டவணைக்கு மாற்றவேண்டும்' என்று எழுதுங்கள். எதைக் கடன் வாங்கினீர்கள், எப்போது திருப்புவீர்கள் என்பது அதில் இருக்கிறது.

மேனேஜரிடம் 'கோட் அசிங்கமாக இருக்கிறது, ஒரு வாரம் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், போன தடவை தள்ளுபடி விதியை மாத்த மூணு நாள் ஆச்சு, ஏன்னா அஞ்சு இடத்துல இருக்கு. இந்தத் தடவை அதை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துட்டு மாத்துறேன், மூணரை நாள் ஆகும். அடுத்த தடவை அரை நாள்ல முடிஞ்சிடும்." இதை மறுக்கும் மேனேஜர்கள் குறைவு. வேலையைச் செய்யும்போது இரண்டையும் கலக்காதீர்கள். முதலில் நடத்தை மாறாமல் ஒழுங்குபடுத்துங்கள், அதைத் தனியாகச் சேமியுங்கள். பிறகு புதிய விதியை எழுதுங்கள். மாற்றத்தை முதலில் எளிதாக்கு, பிறகு அந்த எளிய மாற்றத்தைச் செய் என்று கென்ட் பெக் சொல்வது இதைத்தான். 'அப்புறம்' என்பதற்குக் காலண்டரில் தேதி கிடையாது. அதே கோப்பை நீங்கள் மறுபடி திறக்கும் நாள்தான் அது.

கேள்வி: எங்களிடம் பன்னிரண்டு வருடப் பழைய மென்பொருள் ஒன்று இருக்கிறது. எழுதியவர்கள் யாரும் இப்போது இல்லை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடைகிறது. மொத்தமாக மூடிவிட்டுப் புதிதாக எழுதிவிடலாமா?
– டீம் லீட், சென்னை

பதில்: ஆசை புரிகிறது. ஆனால் செய்யாதீர்கள். நெட்ஸ்கேப் நிறுவனம் 1998-ல் தன் பிரவுசரின் பழைய நிரலை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுத முடிவெடுத்தது. அடுத்த பெரிய பதிப்பான நெட்ஸ்கேப் 6 வெளிவந்தபோது 2000 நவம்பர். 5 என்ற எண்ணில் பதிப்பே வெளிவரவில்லை. அந்த இடைவெளியில் மைக்ரோசாஃப்ட் சந்தையைப் பிடித்துக்கொண்டது. அந்தப் புதிய நிரலிலிருந்துதான் 2004-ல் ஃபயர்ஃபாக்ஸ் பிறந்தது என்பதும் உண்மை. ஆனால் அதுவரை நெட்ஸ்கேப்பால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பழைய நிரலில் அசிங்கமாகத் தெரியும் பல வரிகள், என்றோ ஒரு வாடிக்கையாளரிடம் வந்த சிக்கலுக்கு யாரோ கண்ட தீர்வு. தூக்கிப்போட்டால் அந்தச் சிக்கல்கள் எல்லாவற்றையும் மறுபடி சந்திக்கவேண்டும்.

பனைமரத்தைச் சுற்றி ஆலமரம் வளர்ந்திருப்பதைக் கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். பறவை எச்சத்தில் விழுந்த விதை பனையின் மட்டையில் முளைத்து, விழுதை மெல்ல இறக்கி, மண்ணைத் தொட்ட பிறகு தானே மரமாக நிற்கும். ஆஸ்திரேலியக் காடுகளில் இதே இனத்து மரங்களைப் பார்த்த மார்ட்டின் ஃபவுலர், பழைய மென்பொருளை மாற்றும் வழிக்கு 2004-ல் அந்த மரத்தின் பெயரையே வைத்தார். பழையது ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஒரு பகுதியை மட்டும், உதாரணமாக இருப்புக் கணக்கை, புதிதாக எழுதி அந்த வேலையை அதற்குத் திருப்பிவிடுங்கள். அது காலூன்றியதும் அடுத்த பகுதி. எந்த நாளில் நிறுத்தினாலும் கையில் ஓடுகிற மென்பொருள் இருக்கும்.

தொடுவதற்கு முன், இப்போது அது என்ன செய்கிறதோ அதை அப்படியே பதிவு செய்யும் டெஸ்ட்டுகளை எழுதுங்கள். சரியா தவறா என்று அப்போது பார்க்கவேண்டாம். பழைய நிரலோடு வேலை செய்வதைப் பற்றி மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-ல் எழுதிய நூலின் முக்கியமான வழிமுறை அது.

கடைசியாக, பயன்படாத நிரலை அழியுங்கள். நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம், 2003-க்குப் பிறகு பயன்படுத்தாத ஒரு பகுதியைத் தன் மென்பொருளில் அப்படியே விட்டிருந்தது. 2012-ல், அந்தப் பகுதியை இயக்கிய பழைய கொடியையே (ஃப்ளாக்) ஒரு புதிய வசதிக்குப் பயன்படுத்தினார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்ற மறந்தார்கள். ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் பழைய பகுதி விழித்துக்கொண்டு, 45 நிமிடத்தில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளைச் செய்தது. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்துவிட்டது. 'என்றாவது தேவைப்படும்' என்று வைத்திருக்கும் நிரலுக்கு நாம் வட்டி கட்டிக்கொண்டே இருக்கிறோம். கிட்டில் வரலாறு இருக்கிறது, தைரியமாக நீக்கலாம்.

கேள்வி: நான் இறுதியாண்டு மாணவன். இப்போது செயற்கை நுண்ணறிவு நிமிடங்களில் நிரல் எழுதித் தருகிறது. சிக்கல் வந்தால் அதையே திருத்தச் சொல்லலாம். இனிமேலும் சுத்தமாக எழுதப் பழகவேண்டுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: முன்பைவிடக் கூடுதலாகத் தேவை தம்பி. டென்மார்க்கின் பீட்டர் நாவுர் 1985-ல் எழுதிய ஒரு கட்டுரையில், மென்பொருள் என்பது உண்மையில் அதை உருவாக்கியவர்களின் மனத்தில் இருக்கும் புரிதல் என்று வாதிட்டார். அந்தப் புரிதல் உள்ளவர்கள் போய்விட்டால், நிரல் கையில் இருந்தாலும் மென்பொருள் இறந்துபோகிறது என்றார். கன்னிங்ஹாம் சொன்ன கடனும் புரிதலில் உள்ள இடைவெளிதான். இயந்திரம் எழுதியதை நீ புரிந்துகொள்ளாமல் ஏற்றினால், நிரல் எத்தனை சுத்தமாகத் தெரிந்தாலும் முழுத்தொகையும் கடன்.

அந்தக் கருவியைப் பயன்படுத்து. உள் அறை வேலைகளை அதனிடம் தாராளமாகக் கொடு. ஆனால் எதைச் சேமிப்பது, எந்த வடிவில் சேமிப்பது, மற்றவர்களுக்கு எந்தக் கதவைத் திறந்து வைப்பது என்பதை நீயே காகிதத்தில் எழுதி முடிவு செய். அது எழுதித் தந்ததில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று நண்பனுக்கு விளக்கிப் பார். விளக்க முடியாத வரியை ஏற்றாதே.

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மறுபடி மாறின. 5, 18 என்ற இரண்டும் முதன்மை விகிதங்கள் ஆயின, சில பொருள்களுக்கு 40 வந்தது. விகிதத்தைத் தேதியோடு அட்டவணையில் வைத்து, ஒவ்வொரு பில்லிலும் அன்றைய விகிதத்தைச் சேமித்து வந்த மென்பொருளுக்கு அது சில வரிசைகளைச் சேர்க்கும் வேலை. விகிதங்கள் இன்னும் மாறும். இந்த வாரம் நீங்கள் எழுதும் நிரலில், பிறகு திரும்ப எடுக்க முடியாத ஒரே ஒரு இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்துக்கு ஒரு நாள் கூடக் கொடுங்கள். மீதியை வேகமாக முடித்துவிட்டு நேரத்தோடு வீட்டுக்குப் போங்கள்.